பெட்டி எட்டு என்று காட்டியது

அன்று காலை சென்னையிலிருந்து போன் வந்தபோது நான் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசியது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

"அக்கா, ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் ஃபெயில் ஆகுது. புது லேப்டாப் கொடுத்தாங்கல்ல, அதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன்."

"எந்த டெஸ்ட்?"

"எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு தூரம்னு பாக்குறது. அஞ்சு புள்ளி ஒன்பது வரணும். பதினொண்ணு வருது."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பில்ட் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இந்த வேலையில் பாதிக் கோளாறுகள் அப்படியே சரியாகிவிடும். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கக்கூட இல்லை.

நான் பட்டினச்சேரிக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் இன்றும் போகிறவர். நான் இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபிறகு காரைக்காலுக்கே திரும்பி வந்தேன். பிரான்ஸில் இருக்கும் ஒரு குடும்பத்தின் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் கம்பெனி சின்னது. மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு கருவி செய்கிறோம். செங்கல் அளவுப் பெட்டி. அதில் தெரிவது ஒரே ஒரு எண்: கடல் எல்லைக்கோட்டுக்கு இன்னும் எத்தனை கடல்மைல். முப்பதுக்கு மேல் இருந்தால் எண் வராது, பச்சை விளக்கு மட்டும் எரியும். ஐந்துக்கு இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும், பெட்டி கத்தும். அவ்வளவுதான்.

எல்லைக்கோடு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் குழந்தைகளுக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தாண்டினால் அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும். ஆட்கள் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வருவார்கள். படகு வராமலும் போகலாம். அதனால்தான் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தேன்.

சோதனைக்காகச் சில பெட்டிகளைக் காரைக்கால் விசைப்படகுகளில் வைக்கக் கொடுத்திருந்தோம். பெட்டி வைத்த மற்ற படகுகள் அந்த வாரம் கரையில் கிடந்தன. அண்ணன் டிரைவராகப் போகும் படகு மட்டும் முந்தின நாளுக்கு முந்தின நாள் கிளம்பியிருந்தது. அதில் இருந்த பழைய ஜிபிஎஸ் பழுதாகி நாகப்பட்டினத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார்கள். "அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. உன் பெட்டி இருக்கே," என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பால் பொங்கி வடிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, முதல்லேர்ந்து பண்ணிட்டேன். மறுபடியும் பதினொண்ணுதான் வருது."

"உன் லேப்டாப்ல எந்தக் கம்பைலர் இருக்கு?"

அவள் சொன்னாள். அது எங்கள் யாருடைய மெஷினிலும் இல்லாத கம்பைலர்.

கம்பைலர் என்பது நாங்கள் எழுதுவதைப் படித்து, மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் புரோகிராம். நாங்கள் எழுதுவது சி ப்ளஸ் ப்ளஸ் மொழி. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பைலர்கள் உண்டு. ஒரே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு ஆட்கள் செய்தவை. பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரித்தான் படிக்கும். டெம்ப்ளேட் என்று ஒரு விஷயம் இருக்கிறது, அங்கேதான் சில சமயம் முட்டிக்கொள்ளும். டெம்ப்ளேட் ஒரு வெற்று அச்சு மாதிரி. அதில் எந்த வகைப் பொருளை ஊற்றுவது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கையில் கொடுப்பதைப் பார்த்துக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும்.

எங்கள் புரோகிராமில் ஒரே பெயரில் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று, ஒரே ஒரு விவரம் கேட்கும் வகைகளுக்கு. தூரத்தை அதனிடம் கொடுத்தால் கிலோமீட்டரைக் கடல்மைலாக மாற்றித் தரும். இன்னொன்று பொதுவானது. எதைக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே திருப்பித் தரும். எங்கள் புரோகிராமில் தூரம் என்பது ஆரம்பத்தில் ஒரே விவரம் கேட்கும் வகையாகத்தான் இருந்தது. பிறகு வேறு ஒரு தேவைக்காக அதில் இரண்டாவது விவரம் ஒன்றைச் சேர்த்தோம். யாரும் நிரப்பாவிட்டால் அது தானாகவே நிரம்பிக்கொள்ளும்.

எங்கள் கம்பைலர் அதைப் பார்த்து, இரண்டாவது தானாக நிரம்புகிறது, ஆகையால் இது ஒரு விவர வகைதான் என்று எடுத்துக்கொண்டது. மைலாக மாற்றியது. அவளுடைய கம்பைலர், இரண்டு என்றால் இரண்டுதான், முதல் அச்சில் இது பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டுப் பொது அச்சுக்குப் போனது. பதினொரு கிலோமீட்டர் அப்படியே பதினொரு மைலாக வெளியே வந்தது. பிழை என்று எதுவும் காட்டவில்லை. ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை.

இதையெல்லாம் அவளுடைய கம்பைலரை என் மெஷினில் இறக்கி ஓடவிட்டு நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. விசித்திரமான கோளாறு ஒன்று கையில் அகப்பட்ட சந்தோஷம். அது கொஞ்ச நேரம்தான். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமை நாங்கள் எந்தக் கம்பைலரில் செய்கிறோம் என்ற நினைப்பு அதன்பிறகுதான் வந்தது.

லேப்டாப்பில் டெஸ்ட் ஓட்டுவதற்குத்தான் எங்கள் கம்பைலர். பெட்டிக்குள் போவது சிப் விற்றவர்கள் கொடுத்த கம்பைலர் செய்து கொடுப்பது. அதை எந்தக் கம்பைலரை அடிப்படையாக வைத்துச் செய்தார்கள் என்று அதன் விவரக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அவளுடைய கம்பைலரை வைத்துத்தான்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தேன். பெட்டியை நாங்கள் சோதித்துத்தான் கொடுத்திருந்தோம். கோட்டுக்கு மிக அருகே ஒரு இடத்தைப் போலியாகக் கொடுத்தோம், சிவப்பு எரிந்தது. வெகு தூரத்தில் ஒன்றைக் கொடுத்தோம், பச்சை எரிந்தது. இடையில் காட்டும் எண் சரியா என்று லேப்டாப்பில்தான் பார்த்திருந்தோம். அண்ணனிடம் இருக்கும் பெட்டி, இருக்கிற தூரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமை இன்ஜினியரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் இன்னொருவரையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டார். அவர்கள் இருவரும் இந்த மொழியில் கரை கண்டவர்கள்.

"புது விதிப்படி நம்ம கம்பைலர் பண்றதுதான் கரெக்ட். அவங்க அந்த விதியை இன்னும் சேக்கல," என்றார் தலைமை இன்ஜினியர்.

"சேக்காம இல்ல சார், வேணும்னே நிறுத்தி வச்சிருக்காங்க. அதைப் போட்டா பழைய புரோகிராம் பலது உடையும். விதியிலேயே ஓட்டை இருக்கு. அவங்க பக்கமும் நியாயம் இருக்குது," என்றார் மற்றவர்.

"அப்ப ஸ்டாண்டர்டுன்னு ஒரு விதிப்புத்தகம் எதுக்கு?"

இப்படியே போனது. இன்னொரு நாளாக இருந்தால் நானும் அதில் கலந்துகொண்டிருப்பேன்.

"சார்," என்று கத்தினேன். "யாரு சரின்னு அப்புறம் பேசிக்கலாம். எங்க அண்ணன் கடல்ல இருக்காங்க. அந்தப் பெட்டியோட."

"போட்டுல அவங்க பழைய ஜிபிஎஸ் இருக்கும்லம்மா? இதை மட்டும் நம்பக்கூடாதுன்னு சொல்லித்தானே கொடுத்தோம்?"

"பழசு ரிப்பேருக்குப் போயிருக்கு சார்."

"இங்கேர்ந்து அந்தப் பெட்டியைத் தொட முடியாது, கடல்ல சிக்னல் கிடையாது. நீங்க எப்படியாவது அவங்களைப் புடிங்க," என்றார் தலைமை இன்ஜினியர். அவர் குரலும் மாறிப்போயிருந்தது.

அண்ணிக்குப் போன் போட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அண்ணி, அண்ணன் இந்தத் தடவை எந்தப் பக்கம் போறேன்னு சொன்னாங்க?"

"கோடியக்கரைக்குத் தெக்கன்னு சொன்னாங்க. நாளைக்கு வந்துருவாங்க. ஏன்மா கேக்குற?"

"சும்மாத்தான்."

"சும்மாவா? உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கோடியக்கரைக்குத் தெற்கே போகப் போகக் கடல் குறுகும். கோடு நெருங்கிவிடும். அங்கே ஐந்து மைலும் பத்து மைலும் ஒன்றல்ல.

அரசலாற்று முகத்துவாரத்துத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. படகின் சொந்தக்காரர் எங்கள் ஊர்தான், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். ஐஸ் ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதில் கம்பைலர், டெம்ப்ளேட் எதுவும் இல்லை. "மாமா, அந்தப் பெட்டி தப்புக் காட்டுது. பத்துன்னு காட்டினா அஞ்சுன்னு அர்த்தம். அண்ணனுக்கு உடனே சொல்லணும்," என்றேன்.

அவர் கரையில் கட்டியிருந்த படகு ஒன்றில் தாவி ஏறி வயர்லெஸ் மைக்கை எடுத்தார். "நேரா எட்டாதும்மா. நடுவுல நிக்கிற போட்டு எதையாவது புடிச்சுத்தான் சொல்லணும்," என்று சொல்லிக்கொண்டே படகின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. இடையிடையே வேறு யாரோ மீன் விலை பேசினார்கள். ஒருத்தர் சிரித்தார்.

கடைசியில் ஒரு படகு வயர்லெஸ்ஸில் கிடைத்தது. காலையில் அண்ணனின் படகைப் பார்த்ததாகவும், மற்ற படகுகளை விட்டுத் தனியாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். கூப்பிட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். பிறகு அந்தக் குரலும் இரைச்சலில் கரைந்துவிட்டது.

"தனியாவா போறான்?" என்றார் மாமா, மைக்கைப் பார்த்தபடி. "அவன் அப்படிப் போற ஆளு இல்லையே."

ஏன் போனார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று பெட்டி சொல்லியிருக்கிறது. பெட்டியைச் செய்தவள் தங்கச்சி.

பக்கத்துப் படகில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர், நேற்றிலிருந்து அந்தப் பக்கத்து ரோந்து அதிகமாக இருக்கிறதாம் என்று பொதுவாகச் சொன்னார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்ததும் மறுபடி வலையில் குனிந்துகொண்டார். ஆனால் நான் கேட்டாயிற்று. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனோடு போயிருந்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் வந்து போனது. அவர்கள் வீடுகள் எல்லாம் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும்தான்.

அப்போதுதான் அண்ணி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். மீன் வாடை வீசும் அந்தத் தளத்தில் வேகமாக நடந்து வந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? எங்கிட்ட சும்மான்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கிற?"

இனி மறைக்க முடியாது. "அந்தப் பெட்டி தூரத்தைக் கூட்டிக் காட்டுது அண்ணி. கோட்டுப் பக்கம் போயிருப்பாங்களோன்னு பயமா இருக்கு."

"எந்தப் பெட்டி? நீ கொடுத்த பெட்டியா?"

"ஆமா."

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முகத்தையே பார்த்தார்கள், பிறகு வயர்லெஸ் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ. திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து முன்பு பேசிய படகுக்காரரின் குரல் வந்தது. அண்ணனின் படகு கிடைத்துவிட்டது, வலை தண்ணீரில் கிடக்கிறது, பெட்டி எட்டு காட்டுகிறது, அதனால் பயமில்லை என்று அண்ணன் சொல்வதாகச் சொன்னார்கள்.

மாமா என்னிடம் திரும்பினார். "எட்டுன்னா நெசமா எவ்வளவு?"

பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடும் கணக்கு அது. நான் போனை எடுத்து வகுத்துப் பார்த்தேன். "நாலு மைலுக்குக் கொஞ்சம் மேல."

"நீரோட்டம் கெழக்க இழுக்குது," என்றார் யாரோ.

மாமா மைக்கை வாயருகே வைத்துக் கத்தினார். "பெட்டி பொய்யி! எட்டு இல்ல, நாலு! வலையை இழுத்து வாங்கு, வாங்க முடியலன்னா அறுத்து விட்டுட்டு மேக்கால திருப்பு! அவனுக்குச் சொல்லு, பெட்டி பொய்யின்னு சொல்லு!"

சொல்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படகும் எட்டவில்லை. அண்ணன் காதில் அது விழுந்ததா, விழுந்தாலும் நம்பினாரா, அன்று முழுக்க எங்களுக்குத் தெரியவில்லை. அன்று பொழுது சாய்ந்ததையும் அதற்குப் பிறகு விடிந்ததையும் பற்றி எழுத எனக்கு மனமில்லை. அண்ணி வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்த ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம்.

மறுநாள் முற்பகலில் படகு ஆற்று முகத்துக்குள் வந்தது. தூரத்தில் மேல்கட்டின் நிறத்தைப் பார்த்தே அண்ணி அடையாளம் கண்டுகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். நான் தலைகளை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் கடைசியாக இறங்கினார். முகம் கருத்து, உதடு வெடித்து, ஒரே நாளில் வயதானவர் மாதிரி இருந்தார்.

"பெட்டி பொய்யின்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்கை வரல," என்றார் என்னிடம். "நீ செஞ்சதுல்ல? வயர்லெஸ்ல எவனோ தப்பாச் சொல்றான்னு நெனச்சேன். மாமா பேரைச் சொல்லவும்தான் வலையை வாங்க ஆரம்பிச்சோம். பாதி வலை வர்றதுக்குள்ள பெட்டி கத்துச்சு. அஞ்சுன்னு காட்டுது. அப்ப நெசத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல."

"கெழக்க வெள்ளையா ஒரு கப்பல் தெரிஞ்சுச்சு. நம்மள நோக்கித்தான் வர்ற மாதிரி இருந்துச்சு. மிச்ச வலையை அறுத்துட்டோம். சுட்டுருவாங்களோன்னு எல்லாரும் கீழ படுத்துக்கிட்டாங்க. நான் மட்டும் சுக்கானைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரம் திரும்பியே பாக்கல."

அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பெட்டியைக் கொடுக்குறப்ப உன் லேப்டாப்புல சரியா இருந்துச்சுன்னு சொன்னியே," என்றார்.

"இருந்துச்சு. நான் எழுதினதை ரெண்டு கம்பைலர் ரெண்டு விதமாப் படிச்சிருச்சு அண்ணே. லேப்டாப்புல இருக்கிறது ஒண்ணு, பெட்டிக்குள்ள போறது ஒண்ணு."

"ரெண்டுல எது சரி?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்றாங்க."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் ஏதோ வேறு ஊர்ப் பாஷையில் பேசிவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு பெட்டியைக் கழற்றி வந்து என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கம்பெனி எல்லாப் பெட்டிகளையும் திரும்ப வாங்கிக்கொண்டது. கோளாறைச் சரிசெய்ய அதிக வேலை இல்லை. பொது அச்சையே எடுத்துவிட்டோம். என்ன வகை என்பதைக் கம்பைலரின் ஊகத்துக்கு விடாமல் நாங்களே எழுதினோம். இரண்டு கம்பைலரிலும் எல்லா டெஸ்டும் ஓடிய பிறகுதான் வெளியே விடுவது, கடைசிச் சோதனை பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். யார் சரி என்ற வாதம் அலுவலகத்தில் இன்னும் முடியவில்லை. அதைப் பேசுகிறவர்கள் நடுவில் என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. முன்பெல்லாம் பிழை காட்டினால் பயப்படுவேன். இப்போது பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை என்று திரை சுத்தமாக இருக்கும்போதுதான் உள்ளங்கை வேர்க்கிறது.

சில மாதம் கழித்துப் புதுப் பெட்டியை அண்ணன் படகில் வைத்தார்கள். பழைய ஜிபிஎஸ் ரிப்பேராகி வந்து அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணன் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். அண்ணி என்னோடு சரியாகப் பேச ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஒரு நாள் படகு கிளம்புவதற்கு முன்பு அவர்களே போன் செய்தார்கள்.

"ரெண்டு கம்பைலருன்னு சொன்னியே, அந்த ரெண்டுலயும் போட்டுப் பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேன் அண்ணி. ரெண்டும் ஒரே மாதிரிதான் சொல்லுது."

"சரி," என்று வைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு கம்பைலரும் உண்டு. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. போனை வைத்ததும் அதையும் இறக்கி, எல்லா டெஸ்டையும் ஓடவிட்டு, கடைசி வரி வரும்வரை திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.